வரிசைல போட்டு வெச்சிருந்தனுங்க

தாராபுரத்துக்குத்தானுங்க. என்ற பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். பொங்கலுக்கு முந்தி இருந்தே அவ தம்பி வீட்டுலதான் இருக்கறா. சண்டையான்னு பாக்கறீங்க. சண்டையெல்லாம் ஒன்னும் இல்லீங்க. சண்டை போட்டிருந்தாலாவது மனுசனுக்கு விசயம் தெரிஞ்சிருக்கும். சண்டை போடாமப் போனவளைக் கூட்டிட்டு வர்றது இருக்குதே, அதுதான் நெம்பக் கஷ்டம். எதுக்குன்னு சமாதானம் சொல்றது?

இல்லீங்க, பஸ்ல மேல வெக்க வேண்டாம், பை மடியிலயே இருக்கட்டும். மைசூர்பாதான். அவளுக்குப் பிடிக்கும். பிடிக்கும்னுதான் நெனைக்கறேன், வாங்கிட்டுப் போனா வேண்டாம்னு சொன்னதில்லை.

உங்களுக்குத் தாராபுரமே சொந்த ஊருங்களா? உரக்கடையா? நல்ல தொழிலுங்க. மண்ணுக்குப் போடறோம், முளைக்குது, கண்ணால பாக்கறோம். என்ற தொழிலைச் சொன்னா யாருக்கும் விளங்கறதில்லை. என்ற மாமனார் சாகற வரைக்கும் மருமகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றான்னுதான் ஊர்ல சொல்லிட்டிருந்தாரு. ஒருதடவை டிவி ரிமோட்டைக் கொண்டாந்து கையில குடுத்தாரு. நானும் வாங்கி பேட்டரி மாத்திக் குடுத்தேன், என்ன பண்றது.

நூல் மில்லு பாத்திருப்பீங்க. அங்க ஓடற மெசினுக்கெல்லாம் இப்ப உள்ளுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் போர்டு இருக்குதுங்க. நூல் சுத்தற எந்தக் கதிர்ல இழை அறுந்துச்சு, எந்த மோட்டார் சூடாச்சு, எல்லாம் அது பாத்துக்கும். அந்த போர்டுல, எல்லாத்துக்கும் அடியில, கர்னல்னு ஒரு புரோகிராம் ஓடும். யாரு ஓடறது, யாரு நிக்கறதுன்னு முடிவு பண்றது அதுதான். எங்க கம்பெனில அந்தக் கர்னல்ல கை வெக்கற உரிமை எனக்கு மட்டும்தான் இருந்துச்சு. இந்த வெள்ளிங்கிரி சரின்னு சொல்லாம ஒரு வரி உள்ள போகாது. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், சொல்றதுக்கு வேற என்ன இருக்குது என்கிட்ட.

அதுல இன்டரப்ட்னு ஒன்னு உண்டுங்க. உங்க கடையையே வெச்சுச் சொல்றேன். நீங்க தராசுல எடை போட்டுட்டு இருக்கறீங்க. வாசல்ல ஒருத்தன் "ஏனுங்க, யூரியா இருக்குதுங்களா"ன்னு கூப்படறான். எடையை அப்படியே நிறுத்திட்டு அவனைப் பாத்துத்தானே ஆகோணும்? அதுதான் இன்டரப்ட். ஆனா அவன்கூட நின்னு அவன் தோட்டத்துக் கதை பூராவும் கேட்டுட்டு இருந்தா எடை என்னாகறது? அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா, கூப்பிட்டவனுக்கு உடனே ஒரு பதில். "சரிங்க, இருங்க, பாக்கறேன்." அவ்வளவுதான். அவன் வேலையை வரிசைல போட்டுட்டு விட்ட இடத்துக்குத் திரும்பிரோணும். மீதியெல்லாம் அப்பறம், கை ஒழியறப்ப. வேலைக்குச் சேர்ற புள்ளைங்களுக்கெல்லாம் இதைத்தான் நான் முதல் நாளே சொல்லுவேன். பதில் சொல்றதுக்கு நேரம் எடுக்காதே, வேலையை வரிசைல போடு, திரும்பிப் போ.

வீட்டுலயும் நான் அப்படித்தானுங்க. எங்க தெருவுல இருக்கறாங்க ஆம்பளைங்க, பொண்டாட்டி தொண்டை கிழியக் கத்துனாலும் செல்போனை நோண்டிட்டு உக்காந்திருப்பாங்க. நான் அந்த ரகம் இல்லை. நான் பதில் சொல்லாம இருந்ததே இல்லைங்க. அம்சா வாயைத் திறந்தா நான் "சரி"ம்பேன். முன்னெல்லாம் அவளே சிரிப்பா. "இன்னும் நான் சொல்லவே ஆரம்பிக்கலைங்களே, அதுக்குள்ள என்ன சரி"ம்பா. அம்சவேணின்னு பேரு, நான் அம்சான்னு கூப்படறது.

கேளுங்க. போன ஐப்பசில கம்பெனிக்குப் புது போர்டு வந்துச்சு. பழைய போர்டுல புராசஸர் ஒன்னே ஒன்னு. அதாவது மூளை ஒன்னு. புதுசுல நாலு. எங்க மேனேஜர் வரதராஜுலு சார் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிங்கிரி, பழைய கர்னலைப் புது போர்டுக்கு மாத்திக் குடுத்துருங்க, தை மாசம் மில்லுகளுக்கு அனுப்பியாகோணும்"னாரு. சரின்னேன். மாத்தியும் குடுத்தேன். ஜம்முனு ஓடுச்சு. உடுமலைப் பக்கம் ஒரு மில்லுல சோதனைக்கு மாட்டினோம். அங்கதான் சனி பிடிச்சுது. ஓடிட்டே இருக்கும், திடீர்னு கல்லு மாதிரி நின்னுரும். மெசின் பூராவும் நூல் அறுந்து தொங்கும். அணைச்சுப் போட்டா மறுபடியும் ஒன்னுமே நடக்காத மாதிரி ஓடும். எப்ப நிக்கும், எதுக்கு நிக்கும், எவனுக்கும் தெரியலை.

பெனிட்டான்னு ஒரு பொண்ணு எங்க டீம்ல. மார்த்தாண்டத்துக்காரி. கெட்டிக்காரிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் அடக்கி வெச்சுக்கத் தெரியோணும் பாருங்க. அது அவளுக்குத் தெரியாது. புது போர்டு வந்த வாரமே என்ற மேசைக்கு வந்து நின்னா. "சார், ஒண்ணு கேக்கட்டா? நம்ம வரிசையைத் தொடும்போ இன்டரப்டை மூடுகோம்லா. அது நம்ம புராசஸருக்கு மட்டும்தானே சார் மூடும்? மத்த மூணும் திறந்துல்லா கிடக்கு?"

"சரிம்மா, பாக்கறேன்"ன்னேன். கவனிச்சுக்குங்க, பதில் சொல்லிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கலை. வரிசைல போட்டுட்டேன்.

அவ சொன்னது என்னன்னா, அதையும் உங்க கடையை வெச்சே சொல்றேன். கடையில நீங்க ஒருத்தரே இருந்த காலத்துல மூட்டை எண்ணோணும்னா கதவைச் சாத்திட்டாப் போதும். எவனும் கூப்பிட மாட்டான், எண்ணிக்கை தப்பாது. இப்ப உங்க தம்பியும் கடைக்குள்ள இருக்காருன்னு வைங்க. நீங்க கதவைச் சாத்திட்டு எண்ணறீங்க. அவரு பின்பக்கமா மூட்டையைத் தூக்கி வண்டில ஏத்திட்டு இருக்காரு. உங்க கதவு சாத்தித்தான் இருக்குது. கணக்கு மட்டும் தப்பா வருது. நாலு புராசஸர்னா அப்படித்தானுங்க. நான் என்ற காதை மூடிக்கிட்டா மத்தவங்க கை சும்மா இருக்கும்னு அர்த்தம் இல்லை. அவங்க பாட்டுக்கு அவங்க வேலை நடந்துட்டே இருக்கும். அதுக்குத்தான் லாக்குன்னு ஒரு பூட்டு. பூட்டு யாரு கைக்கு வருதோ அவங்க மட்டும்தான் தொடோணும், மத்தவங்க காத்துட்டு நிக்கோணும். எவ்வளவு சுளுவா இருக்குது பாத்தீங்களா? உங்களுக்கே விளங்குது. எனக்கு விளங்காதா? விளங்கும். நான் பாக்கறேன்னு சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அதுக்குள்ள என்ன அவசரம்?

மழையில எர்த்து சரியில்லைன்னு மில்லுக்காரன்கிட்டச் சொன்னேன். சூடுன்னு ஃபேன் மாட்டினேன். பஞ்சுத் தூசி உள்ள போகுதுன்னு போர்டுக்கு மூடி போட்டேன். அதுவும் ஆகலைன்னதும், இன்டரப்டை இன்னும் நெறைய எடத்துல, இன்னும் நெறைய நேரத்துக்கு மூடி வெச்சேன். எவனும் தொந்தரவு பண்ணாம இருந்தா எல்லாம் சரியாயிரும்னு ஒரு கணக்கு. மெசின் செவிடு ஆனதுதான் மிச்சம். நூல் அறுந்தாக்கூட அதுக்குத் தெரியலை, அது பாட்டுக்கு ஓடுச்சு. அப்பறம் எப்பவும் போல நின்னுச்சு.

பல்லடம் வந்துருச்சுங்களா? டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரி. சொல்லிட்டு வந்தேன் பாருங்க.

அந்த நேரத்துலதான் அம்சா சொன்னாளாம். "ளாம்"னு ஏன் சொல்றேன்னா, எனக்கு அது ஞாபகம் இல்லை. அவ சொல்றா, மகன் சொல்றான், மச்சினன் சொல்றான். எல்லாரும் சேர்ந்து சொன்னா நானும் நம்பித்தானே ஆகோணும். சாப்பிட உக்காந்திருந்தேனாம். லேப்டாப் பக்கத்துல இருந்துச்சாம். "ஏங்க, மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுதுங்க"ன்னாளாம். நான் "சரி, பாத்துக்கலாம்"னேனாம். வயசுல பெரியவரு, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அந்த மாதிரி விசயத்தை அந்த நேரத்துலயா சொல்லுவாங்க? உப்புமாவுல கடுகு கருகிப் போச்சுன்னு சொல்ற குரல்ல சொல்லியிருக்கா. அவ குரலே அப்படித்தான். கேஸ் தீந்துருச்சுன்னாலும் அதே குரல், அவங்க அப்பா இறந்துட்டாருன்னு சொன்னப்பவும் அதே குரல்.

அப்பறம் டாக்டரைப் பாத்துட்டு வந்தாளாம், சதையெடுத்துச் சோதிக்கோணும்னாங்களாம். அதையும் சொன்னாளாம். நான் "எடு, எடு, தள்ளிப் போடாதே"ன்னேனாம். பாருங்க, நல்லதைத்தானே சொல்லியிருக்கேன்? தள்ளிப் போடாதேன்னுதானே சொன்னேன்? அதுக்காவது ஒரு நல்ல பேரு கெடைக்கோணுமா இல்லையா? கெடைக்கலை. ஆபரேசன் தேதியும் சொன்னாளாம். சரின்னேனாம்.

சரின்னா என்னங்க அர்த்தம்? கேட்டுக்கிட்டேன், வரிசைல இருக்குது, கை ஒழிஞ்சதும் எடுப்பேன்னு அர்த்தம். கூடவே வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா? கம்பெனில நேத்து சேர்ந்த புள்ளைக்குத் தெரியுது.

அந்தத் தேதில நான் உடுமலை மில்லுலதான் இருந்தேன். மெசின் நின்னு நின்னு மில்லுக்காரன் போர்டைக் கழட்டி வீசிருவேன்னுட்டான். மகன் போன் பண்ணினான். நவநீதன், பூனாவுல வேலை பாக்கறான். எடுக்க முடியலை, "வேலையா இருக்கேன், கூப்படறேன்"னு உடனே மெசேஜ் போட்டேன். உடனே போட்டேன், அவன் போன்லயே இருக்கும் பாருங்க. அவன் பூனாவுல இருந்து கூப்படறான்னுதானே நான் நெனைக்க முடியும்? ஆஸ்பத்திரில அவங்கம்மா பக்கத்துல நின்னுட்டுக் கூப்படறான்னு கனவா கண்டேன்?

அங்க மில்லுல என்ன நடந்துச்சுன்னா, பெனிட்டாவைக் கூட்டிட்டு வரதராஜுலு சாரே வந்துட்டாரு. அவ ஒரு போர்டைக் கையில கொண்டாந்திருந்தா. "சார், இதுல லாக் போட்டிருக்கேன். ஆபீஸ்ல ஓட விட்டுப் பாத்தோம், நிக்கல சார்." பாத்தோமா? யாரு பாத்தது? "என்னைக் கேக்காம கர்னல்ல யாரு கை வெச்சது"ன்னேன். அந்தப் பொண்ணு சார் மூஞ்சியைப் பாக்குது, சார் ஜன்னலைப் பாக்கறாரு. அப்பறம் சன்னமாச் சொல்றா, "நான் அப்பவே உங்ககிட்ட வந்து சொன்னேன்லா சார். நீங்க சரின்னு சொன்னீங்க."

சரின்னு சொன்னா செஞ்சுக்கோன்னு அர்த்தமா?

அந்த போர்டை மாட்டினாங்க. ஓடுச்சு. நிக்கவே இல்லை. மில்லு மேனேஜரு என்னைத் தாண்டிப் போயி அவளுக்குக் கை குடுத்தாரு. நான் அவ எழுதினதை உக்காந்து வரி வரியாப் படிச்சேன். ஒரு எடத்துல மாட்டினா. பூட்டைக் கையில எடுத்தவ தன்ற இன்டரப்டை மூட மறந்துட்டா. பூட்டு கையில இருக்கறப்பவே இன்டரப்ட் வந்து, அதே புராசஸரே வேலையைப் பாதில விட்டுட்டுப் போயி அதே பூட்டுக்கு நின்னா என்னாகும்? தன்ற கையில இருக்கற பூட்டுக்கு, தானே காத்துட்டு நிக்கோணும். யாரும் வந்து குடுக்கப் போறதில்லை. காலத்துக்கும் நிக்கலாம். எல்லாரும் இருக்கறப்ப எடுத்துச் சொன்னேன். மூஞ்சி செத்துரும்னு பாத்தேன். அவ என்ன பண்ணினா தெரியுங்களா? "ஐயோ ஆமா சார், தேங்ஸ் சார்"ன்னு அங்கயே உக்காந்து மாத்திட்டு, கண்டுபிடிச்சவர் வெள்ளிங்கிரி சார்னு என்ற பேரையும் அதுல எழுதி வெச்சுட்டா. என்ற கர்னல்ல, என்ற பேரை, அவ எழுதி வெக்கறா. அதை விட ஒரு அறை விட்டிருக்கலாம்.

அந்த எரிச்சலோட வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டிக் கெடக்குது. பக்கத்து வீட்டம்மா வந்து சாவியைக் குடுத்துட்டு, "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்களா"ன்னு கேட்டாங்க. "முடிஞ்சுதுங்க, நல்லா முடிஞ்சுது"ன்னேன். பழக்கம் பாருங்க, கேட்டா உடனே பதில். உள்ள போயி விளக்கைப் போட்டப்பறம்தான், யாருக்கு ஆபரேசன், என்ன ஆபரேசன்னு ஒன்னுமே எனக்குத் தெரியாதுன்னு உறைச்சுது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், திரும்பிப் போயி அந்தம்மாகிட்டக் கேக்க வாய் வரலை. மகனுக்குப் போன் போட்டுத்தான் ஆஸ்பத்திரி பேரைத் தெரிஞ்சுக்கிட்டேன்.

போனேன். அவன் ரூம் வாசல்ல நிக்கறான். "உள்ள வேண்டாம்ப்பா, அம்மா இப்பத்தான் தூங்கறாங்க"ன்னான். கண்ணாடி வழியாப் பாத்தேன். ஒருபக்கம் கட்டுப் போட்டு, அந்தப் பக்கம் தட்டையா இருந்துச்சுங்க. எடுத்துட்டாங்க. முழுசா எடுத்துட்டாங்க. என்ற பொண்டாட்டிக்கு, என்னை ஒரு வார்த்தை கேக்காம, அவ தம்பி கையெழுத்துப் போட்டு எடுத்திருக்காங்க. எனக்கு அழுகை வந்துச்சுங்க. நான் அழுது மகன் பாத்ததில்லை. அவன் என்ற தோளைத் தொடலை. "ஏன்டா என்கிட்டச் சொல்லலை"ன்னேன். "அம்மா சொன்னாங்கப்பா"ன்னான். "எப்ப"ன்னேன். அதுக்கு அவன் சிரிச்சான். பெத்த அப்பன் அழுதுட்டு நிக்கறப்ப சிரிச்சான்.

நான் என்ற வேலையில கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்த நேரத்துல, இவங்க அத்தனை பேரும் அவங்கவங்க பாட்டுக்கு எல்லாத்தையும் மாத்திட்டாங்க. டாக்டரைப் பாத்தது ஒருத்தன், கையெழுத்துப் போட்டது ஒருத்தன், லீவு போட்டு வந்தது ஒருத்தன். திரும்பிப் பாத்தா நான் விட்டுட்டு வந்த வீடே இல்லை. இது எந்த ஊர் நியாயம்? சொல்லுங்க, எந்த ஊர் நியாயம்?

ஆஸ்பத்திரில இருந்து நேரா தம்பி வீட்டுக்குப் போயிட்டா. கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னா. சரின்னேன். சரின்னுதானே சொல்லோணும் அந்த நேரத்துல? நான் பாட்டுக்கு வருவா வருவான்னு இருந்தேன். அப்பறம் ஒருநாள் பொறுக்க முடியாம நேர்ல போயிட்டேன். முடியெல்லாம் கொட்டிப் போயி, தலையில துண்டு கட்டிட்டு வந்து காப்பி வெச்சா. மச்சினன் சென்னியப்பன் செருப்பைப் போட்டுட்டு வெளிய போயிட்டான், பேசிக்கட்டும்னு. நல்ல பையன்தான்.

நான் அமைதியாத்தான் கேட்டேன். "அம்சா, சொன்னேன் சொன்னேன்னு சொல்றயே, இதெல்லாம் சொல்ற விதமா? எங்க கர்னல்ல ஒரு இன்டரப்ட் உண்டு. அதை யாராலயும் மூட முடியாது. எவ்வளவு பெரிய வேலையில இருந்தாலும், பூட்டைக் கையில வெச்சிருந்தாலும், அது வந்தா நின்னு கேட்டே தீரோணும். அந்த மாதிரி சொல்லியிருக்கோணும் நீ. லேப்டாப்பைப் புடுங்கி வீசியிருக்கலாம். கத்தியிருக்கலாம். விழுந்து புரண்டு அழுதிருக்கலாம். நான் கேக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அவ காப்பி டம்ளரை என்ற பக்கமா நகர்த்தி வெச்சா. அப்பறம் அதே குரல்ல சொல்றா, "எனக்குக் கட்டின்னு சொல்றதே பெருசா இருந்துச்சுங்க. அதுக்கு மேல கத்திக் காட்டோணும்னு தோணலை."

இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? நான் "சரி"ன்னேன். வேற என்ன சொல்றது? அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. காப்பி நல்லா இருந்துச்சு. அவ கைக் காப்பி குடிச்சு எவ்வளவு நாளாச்சு. முழுசாக் குடிச்சுட்டுத்தான் வந்தேன்.

வேலையையும் விட்டுட்டனுங்க. என்னைக் கேக்காம ஒரு வரி உள்ள போனப்பறம் அங்க எனக்கு என்ன வேலை? எழுதிக் குடுத்துட்டேன். வரதராஜுலு சார் "அவசரப்படாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. சரின்னேன். நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ஏத்துக்கிட்டோம்னு வந்துருச்சு. பெனிட்டா என்ற சீட்டுல உக்காந்திருக்கறாளாம். உக்காரட்டும். அம்சாகிட்ட, உனக்காகத்தான் வேலையை விட்டேன், இனிமே வீட்டுலயேதான் இருப்பேன்னு போன்ல சொன்னேன். "எனக்காகவா"ன்னு ஒரே வார்த்தை. ஒரு மனுசன் இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?

ஆனா பாருங்க, மனசு மாறத்தானே செய்யும். போன வாரம் அவளே கூப்பிட்டா. இத்தனை மாசத்துல அவளாக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வரதராஜுலு சாருக்கு ஒரு மெயில் எழுதிட்டு இருந்தேன், என்ற பக்கத்து நியாயம் என்னன்னு விவரமா. பாதில விட்டா கோர்வை போயிரும். அவ நெம்ப நேரம் பேசினா. அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசற பொம்பளையே இல்லை அவ. நானும் சலிச்சுக்காம, ஒவ்வொன்னுக்கும் சரி, சரின்னு பதில் சொல்லிட்டே இருந்தேன். கடைசில "கேட்டீங்களா"ன்னா. "கேட்டேன்"னேன். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்களுக்கும் சம்மதம்தானே?"ன்னா. எனக்கு வேண்டாம்னா இருக்கும்? "இதுல யோசிக்க என்ன இருக்குது, முழுச் சம்மதம்"னேன். போன்ல மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அழுதாளாட்ட இருக்குது. சந்தோசம்னாலும் பொம்பளைங்களுக்கு அழுகைதானே வரும். "அப்ப வியாழக்கிழமை வந்துருங்க"ன்னு வெச்சுட்டா. வீட்டைப் பூராவும் கழுவி விட்டுட்டுத்தான் கிளம்பி வர்றேன். அவளுக்குன்னு ஜன்னலோரமாக் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கேன்.

சென்னியப்பனும் நேத்து கூப்பிட்டான். "மாமா, கல்யாணப் பத்திரிகை ஒன்னு இருந்தா எடுத்துட்டு வாங்க. கல்யாண போட்டோ, உங்க ஆதாரு, எல்லாம் கையோட கொண்டாங்க"ன்னான். எதுக்குன்னு நான் கேக்கலை. ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் இன்சூரன்ஸா இருக்கும், புருசன் பொண்டாட்டின்னு காட்டோணுமாட்ட இருக்குது. மைசூர்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன். போட்டோவுல அவளைப் பாத்தீங்கன்னா அடையாளமே தெரியாது, அவ்வளவு சின்னப் புள்ளை. வீட்டுக்கு வர வேண்டாம், கோர்ட்டு வாசல்ல வந்து நில்லுங்க, அக்காவைக் கூட்டிட்டு வந்துர்றேன்னான். அங்க இருந்து அவன் வீடு பக்கமாட்ட இருக்குது.

ஏனுங்க? இல்லீங்களா? கோர்ட்டு இந்தப் பக்கமுங்களா? அவன் வீடு உடுமலை ரோட்டுலங்க. ஆமாங்க, அந்தப் பக்கம். அப்ப எதுக்கு அங்க நிக்கச் சொல்றான்?

என்னங்க சொல்றீங்க? உங்க அக்கா மகளுக்கும் இதேதான் கேட்டாங்களா? பத்திரிகை, போட்டோ, ஆதாரு. வக்கீலு கேட்டாரா. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா இழுத்தடிக்காம முடிஞ்சுரும்னாரா.

முடிஞ்சுரும்னா?

இல்லீங்க. இருங்க. "உங்களுக்கும்"னுதான் கேட்டா. உங்களுக்கும் சம்மதம்தானேன்னா. அவ அதுக்கு முன்னாடி என்னமோ சொன்னா, நெம்ப நேரம் சொன்னா. நான் சரின்னேன். ஒவ்வொன்னுக்கும் சரின்னேன்.

பாத்தீங்களா. இதையும் என்னை ஒரு வார்த்தை கேக்காமயே முடிவு பண்ணியிருக்காங்க.